ஹைலக்ஸுக்கு டயர்: தினமும் தார் ரோடு, வாரக்கடைசி எஸ்டேட் ரோடு. ஏ.டி.யா (ஆல்-டெரெய்ன், தாருக்கும் மண்ணுக்கும்), எம்.டி.யா (மட்-டெரெய்ன், சேத்துக்கு)?

தென்னந்தோப்பு:

வணக்கம்ங்க. வண்டி டொயோட்டா ஹைலக்ஸ் 4×4, 2.8 டீசல், மேனுவல் கியர். கம்பெனி டயர் சைஸ் 265/65 ஆர்17. இப்ப பட்டன் (தரையில படற ரப்பர் கட்டை) 3 மில்லிமீட்டர்தான் மிச்சம். ஜூன் மழைக்கு முன்னாடி மாத்தியாகணும்.

ஓட்டம் இப்படி: வாரத்துல ஆறு நாள் பொள்ளாச்சி–கோயமுத்தூர், போக வர 80 கிலோமீட்டர், நாலுவழிச் சாலை. வாரக்கடைசி ஆழியார் வழியா 40 கொண்டை ஊசி ஏறி வால்பாறை. அங்கிருந்து எஸ்டேட்டுக்குள்ள 6 கிலோமீட்டர் மண் ரோடு. பாதி செம்மண் ஏத்தம், பாதி கல்லு பரப்பின வழி. ஓரத்துல வெட்டி விட்ட காபிக் கட்டைங்க நீட்டிக்கிட்டு நிக்கும். மேல போகும்போது டெக்குல எட்டு மூட்டை உரம், எறங்கும்போது பெரும்பாலும் காலி.

டயர் கடையில ஒருத்தர் எம்.டி. போடச் சொல்றாரு, இன்னொருத்தர் 265/70 (அதே அகலம், உயரம் கூடின டயர்) போட்டா வண்டி உசரமா நிக்கும்ங்கறாரு. எல்.டி. (லைட் டிரக், பார வண்டிக்கானது) டயர்னு ஒண்ணு சொல்றாங்க, அது வேணுமா? காத்து எவ்வளவு வைக்கிறது? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

டீசல்காரன்:

நீங்க குடுத்த கணக்கையே கூட்டிப் பாருங்க. வாரத்துக்கு 480 கி.மீ. நாலுவழிச் சாலை, 130 கி.மீ. மலைத்தார், 12 கி.மீ. மண். அதாவது நூத்துக்கு ரெண்டு கிலோமீட்டர்தான் மண். அந்த ரெண்டுக்காக எம்.டி. போட்டா மீதி தொண்ணூத்தெட்டுலயும் விலை குடுக்கணும்.

சத்தமும் டீசல் செலவும் எல்லாருக்கும் தெரிஞ்சது. அதை விடப் பெரிசு மழையில நனைஞ்ச கொண்டை ஊசி. எம்.டி.யில பட்டன் கட்டை கட்டையா இருக்கும், நடுவுல அகலமான பள்ளம். சேத்தை உதறித் தள்ள அந்தப் பள்ளம் வேணும். ஆனா தாரைத் தொடுற ரப்பர் அதனாலயே குறைஞ்சிடுது. ஈரத்தார்ல பிடிக்க வேண்டியது பட்டன் மேல இருக்கிற சன்னமான வெட்டுக்கோடுகள். தண்ணிப் படலத்தை வெட்டி ரப்பரைத் தாரோட சேக்கறது அதுதான். எம்.டி.யில அது பேருக்குத்தான் இருக்கும். ஏறும்போது தெரியாது. எறங்கும்போது பாரம் முன்னாடி சாயும், காலி டெக்கு பின்னாடி லேசா நிக்கும், நீங்க வளைவுக்குள்ள பிரேக் தொட்டா பின் சக்கரம் வெளியே நழுவும். பிக்கப் வண்டிகளுக்கே உள்ள பிறவிக் குணம் இது. டயர் அதைக் குறைக்கலாம், கூட்டவும் செய்யலாம்.

அதனால ஏ.டி. ஏ.டி.ன்னு பேர் ஒட்டினதெல்லாம் ஒண்ணு இல்ல. டயரோட தோள்பட்டையப் பாருங்க. ஓரப் பட்டன்கள் ஒண்ணோடொண்ணு ஒட்டி நின்னா அது தாருக்குச் சாய்ஞ்ச ஏ.டி. ஓரத்துல ஆழமா இடைவெளி விட்டு, பட்டன் பக்கச் சுவருக்கும் எறங்கி வந்தா மண்ணுக்குச் சாய்ஞ்சது. உங்களுக்கு முதல் ரகமும் ரெண்டாம் ரகமும் சேர்ற நடு இடம் போதும்: புதுசுல பட்டன் ஆழம் 10 மி.மீ.க்குக் குறையாம, ஒவ்வொரு பட்டன்லயும் ரெண்டு மூணு வெட்டுக்கோடாவது இருக்கணும். சாதாரண எச்.டி. (ஹைவே, தார் ரோட்டுக்கானது) டயர் 8 மி.மீ. சுமாருக்கு வரும், எம்.டி. 14ஐத் தாண்டும்.

யோகோஹாமா ஜியோலேண்டர் ஏ/டி ஜி015, அப்போலோ அப்டெர்ரா ஏ.டி.2 ரெண்டும் இந்த வகை. பி.எஃப். குட்ரிச் கே.ஓ.2 கல்லுக்கும் கட்டைக்கும் அசராது, ஆனா எடை ஜாஸ்தி, ஈரத்தார்ல என் மார்க்கு ஜி015க்குத்தான். எதுவானாலும் உங்க சைஸுல, லோடு இண்டெக்ஸ் (தாங்கற பாரத்தோட குறியீடு) 112க்குக் குறையாம வாங்குங்க. 112ன்னா டயர் ஒண்ணுக்கு 1,120 கிலோ. சைஸ் ஒண்ணுதானேன்னு அதுக்குக் கீழ உள்ளதைத் தலையில கட்டப் பாப்பாங்க, விட்டுடாதீங்க.

முள்ளுக்காடு:

டீசல்காரன் அண்ணன் சொன்ன எம்.டி. விஷயத்துல மாத்துக் கருத்து இல்லீங்க. எல்.டி. பத்தி மட்டும் நான் எதிர்ப்பக்கம்.

எஸ்டேட் ரோட்டுல டயர் போறது பட்டன்ல இல்ல, பக்கச் சுவர்ல. பட்டன்ல ஆணி ஏறினா 6 மி.மீ. ஓட்டை வரைக்கும் கழட்டி உள்ளேர்ந்து மஷ்ரூம் பேட்ச் போட்டுத் தப்பிச்சிடலாம். பக்கச் சுவர்ல வெட்டு விழுந்து நூல் தெரிஞ்சா அந்த டயர் முடிஞ்சது. எந்தக் கடைக்காரன் ஒட்டித் தர்றேன்னு சொன்னாலும் குடுக்காதீங்க, ஒவ்வொரு சுத்துலயும் மடங்கி விரியற இடம் அது. சாய்வா வெட்டின காபிக் கட்டை ஈட்டி மாதிரி நிக்கும். ஓரம் ஒதுங்கி எதிர்வண்டிக்கு வழி விடும்போதுதான் அது ஏறும்.

சாதாரண டயர்ல பக்கச் சுவர் ஒண்ணு, ரெண்டு அடுக்கு நூல்தான். எல்.டி. ரகத்துல அடுக்கும் தடிமனும் கூடும், கே.ஓ.2ல மூணு அடுக்கு. 265/65 ஆர்17 எல்.டி.யில லோடு இண்டெக்ஸ் 120/117னு இருக்கும். 120ன்னா 1,400 கிலோ. 117ங்கிறது பின்னாடி ரெட்டைச் சக்கரம் போடற வண்டிக்கு, நமக்குத் தேவையில்லை.

கெட்டதையும் சொல்லிடறேன். டயர் ஒண்ணுக்கு நாலஞ்சு கிலோ எடை கூடும். காலி வண்டியில பள்ளம் மேடு இடுப்புல தெரியும். அப்புறம் காத்து. அந்த 1,400 கிலோவை அது தாங்கறது 80 பி.எஸ்.ஐ.யில. கதவுத் தூண்ல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர் அளவு சாதாரண டயருக்குப் போட்டது. அதே அளவை எல்.டி.யில வச்சா அது காத்துக் குறைவான டயர், நாலுவழிச் சாலையில சூடேறும். ஸ்டிக்கரை விட 6லேர்ந்து 8 பி.எஸ்.ஐ. கூட வைக்கணும்.

கட்டைங்களை வெட்டி ஒதுக்க உங்களால முடியும்னா சாதாரண ஏ.டி. போதும். எஸ்டேட் உங்க கையில இல்லாம வழி மட்டும் உங்களதுன்னா எல்.டி. போடுங்க.

தென்னந்தோப்பு:

ரெண்டு பேருக்கும் நன்றிங்க. வழி பொது வழி, ஆனா கேட்டா வெட்டி ஒதுக்க விடுவாங்க. 265/70 பத்தி யாரும் சொல்லலையே?

அலைன்மென்ட்:

265/65 ஆர்17 உயரம் 776 மி.மீ. 265/70 ஆர்17 உயரம் 803. நீங்க கேக்கற உசரம் இதுல பாதிதான், டிஃபரன்ஷியல் (அச்சுல ரெண்டு பக்கச் சக்கரத்தையும் வேற வேற வேகத்துல சுத்த விடற கியர் பெட்டி) தரையிலேர்ந்து 13 மி.மீ. கூட எழும். அவ்வளவே.

அதுக்குக் குடுக்கற விலை: மொத்த கியர் விகிதமும் 3.4 சதவீதம் நீளும். மீட்டர் 100 காட்டும்போது முன்னைக்கு இப்ப 103.4ல போவீங்க. உர மூட்டையோட கொண்டை ஊசியில ரெண்டாவது கியர்ல இழுத்த இடத்துல முதல் கியருக்கு எறங்க வேண்டிவரும். பிரேக்குக்கும் அதே 3.4 சதவீதம் கூடுதல் வேலை, சக்கரத்தோட நெம்புகோல் நீளுது இல்லையா. ஸ்டீயரிங் முழுசா ஒடிச்சு, ஒரு முன் சக்கரத்தைக் கல்லு மேல ஏத்தி வச்சுப் பாத்தாத்தான் உள் லைனர்லயோ மட்ஃப்ளாப்புலயோ உரசுதான்னு தெரியும். கடை வாசல்ல சமதரையில திருப்பிப் பாத்துட்டு 'எங்கயும் படலை'ன்னு சொல்றதுக்கு அர்த்தம் இல்ல. ஸ்டெப்னி வண்டிக்கு அடியில தொங்கற இடத்துலயும் பெரிய டயர் ஏறுதான்னு பாக்கணும். இன்ஷூரன்ஸ்காரங்க கம்பெனி அங்கீகாரம் இல்லாத சைஸைக் காரணம் காட்டித் தகராறு பண்ண இடம் குடுக்கறதும் ஒண்ணு இருக்கு.

13 மில்லிமீட்டருக்கு இவ்வளவு வேண்டாம். கம்பெனி சைஸ்லயே இருங்க.

ஆனா ஒண்ணு, அஞ்சு டயரா வாங்குங்க. ஹைலக்ஸ் பார்ட்-டைம் 4×4. முன்னுக்கும் பின்னுக்கும் நடுவுல டிஃபரன்ஷியல் கிடையாது, 4எச் (நாலு சக்கர இழுவை) போட்டா ரெண்டு ஆக்ஸிலும் ஒரே வேகத்துல சுத்தியாகணும். புது டயர் நாலோட பழைய மொட்டை ஸ்டெப்னியைப் பின்னாடி மாட்டினா பின் டிஃபரன்ஷியல் ஓடுற நேரமெல்லாம் தேயும். அந்த நிலையில 4எச்சும் பின் டிஃப் லாக்கும் (பின் சக்கரம் ரெண்டையும் ஒண்ணாப் பூட்டறது) தொடக்கூடாது, மெதுவா பஞ்சர் கடை வரைக்கும் போறதோட சரி. இதே காரணத்துக்காக மழைன்னாலும் தார்க் கொண்டை ஊசியில 4எச் போடாதீங்க. வளைவுல முன் சக்கரம் பெரிய வட்டம் போகும், பின் சக்கரம் சின்ன வட்டம் போகும், அந்த வித்தியாசம் தப்பிக்க வழியில்லாம டிரான்ஸ்ஃபர் கேஸை (முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரிக்கற பெட்டி) முறுக்கும். மண்ணுல சக்கரம் வழுக்கி அதைத் தீத்துக்கும், தார்ல முடியாது.

டயரை இடம் மாத்திப் போடற சுழற்சி 8,000 கிலோமீட்டருக்கு ஒருதரம், ஸ்டெப்னியையும் சேத்து. ஏ.டி. டயர்ல ஒரு வியாதி உண்டு: பட்டனோட ஒரு முனை மட்டும் தேஞ்சு ரம்பப் பல் மாதிரி ஆயிடும். கையை டயர் மேல முன்னும் பின்னும் தடவிப் பாருங்க, ஒரு பக்கம் வழவழன்னும் மறுபக்கம் சொரசொரன்னும் இருந்தா ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம். அப்புறம் வர்ற 'ஊம்'னு சத்தத்தை வீல் பேரிங்னு நினைச்சு பேரிங்கை மாத்தறவங்க நிறைய.

டீசல்காரன்:

அலைன்மென்ட் சொன்னதுல ஒரு எழுத்தும் மாத்த வேண்டாம். காத்துக்கு வர்றேன், டயர் பிராண்டை விட இதுதான் வித்தியாசம் காட்டும்.

சாதாரண ஏ.டி. போட்டா கதவு ஸ்டிக்கர் அளவுதான் அடிப்படை. காலிக்கு ஒண்ணு, பாரத்துக்கு ஒண்ணுன்னு பின் டயருக்குத் தனித்தனியா இருக்கும், பாத்து வைங்க. எட்டு மூட்டை யூரியான்னா மூட்டைக்கு 45 வீதம் 360 கிலோ, அப்ப பாரக் கணக்குதான். எறக்கிட்டுக் காலியா மலை எறங்கும்போது பின்னாடி காலி அளவுக்குக் குறைக்கணும். பாரத்துக்கு அடிச்ச காத்தோட காலி டெக்கு எறங்கினா டயர் நடுப்பகுதி மட்டும்தான் தரையில படும். மேல நான் சொன்ன பின்சக்கர நழுவலுக்கு இதுவே பாதிக் காரணம். பக்கச் சுவர்ல 'அதிகபட்சம்'னு அச்சடிச்ச எண் டயர் தாங்கற எல்லை. அதைப் பாத்துக் காத்தடிக்கிற கடை இன்னமும் இருக்கு, நீங்களே எண்ணைச் சொல்லி அடிக்கச் சொல்லுங்க.

சரியான அளவான்னு சோதிக்க ஒரு சாக்பீஸ் போதும். பட்டன் மேல குறுக்கால தடிமனா ஒரு கோடு, காய்ஞ்ச தார்ல நேரா 100 மீட்டர் ஓட்டுங்க. நடுவுல மட்டும் அழிஞ்சா காத்து அதிகம், ரெண்டு ஓரமும் அழிஞ்சு நடுவுல மிச்சமிருந்தா குறைவு. இன்னொரு சோதனை சூட்டை வச்சு: காலையில குளிர்ந்த டயர்ல அளந்துக்குங்க, நாலுவழிச் சாலையில அரை மணி நேரம் போய் நிறுத்தி மறுபடி அளங்க. 4 பி.எஸ்.ஐ. சுமாருக்கு ஏறியிருந்தா சரி. 7, 8 ஏறியிருந்தா காத்துக் குறைச்சலாப் போய் டயர் வேகுது. எல்.டி.க்கு 6 வரைக்கும் பொறுக்கலாம். சூடா இருக்கும்போது ஏறின காத்தை எறக்கிவிடறது பெரிய தப்பு, ஆறினதும் குறைவா நிக்கும்.

பொள்ளாச்சியில 35 டிகிரியில 35 வச்சிட்டு வால்பாறையில விடியக்காலை 15 டிகிரியில அளந்தா 33 காட்டும். டயர் ஒழுகலை. குளிருக்கு 3 குறையுது, உயரத்துனால வெளிக்காத்து அழுத்தம் குறைஞ்சு 1 சொச்சம் திரும்பக் கிடைக்குது. மேல அதைச் சரிக்கட்டி அடிச்சிட்டுக் கீழ வந்தா 37க்கு மேல நிக்கும்.

இப்ப மண் ரோடு. அந்த 6 கிலோமீட்டர்ல கல்லு வழிக்கு 26, 28. செம்மண் ஏத்தம் நனைஞ்சிருந்தா 20, 22. குறைக்கும்போது டயர் அகலத்தை விட நீளவாக்குலதான் தரையில அதிகம் படியும், ஏத்தத்துல பிடிக்கிறது அதுதான். 22க்குக் கீழ போனா 30 கி.மீ. வேகத்தைத் தாண்டாதீங்க, ஸ்டீயரிங்கை வெட்டியும் திருப்பாதீங்க, டயர் ரிம்மை விட்டுக் கழண்டுக்கும். பின் டிஃப் லாக்கை வழுக்கற இடத்துக்கு முன்னாடியே போட்டுக்கிட்டு நேராப் போங்க, சிக்கினப்புறம் போட்டா குழிதான் ஆழமாகும்.

திரும்பக் காத்தடிக்க 12 வோல்ட் கம்ப்ரஸர் வேணும். சிகரெட் லைட்டர் ஓட்டையில செருகற சின்னது பைக்குக்குச் சரி. இந்த சைஸ் டயர் நாலுக்கு 20லேர்ந்து 35 ஏத்தறதுக்குள்ள அது சூடாகி நின்னுடும், இல்லை வண்டி ஃபியூஸ் போயிடும். பேட்டரியில நேரா கிளிப் மாட்டறதா வாங்குங்க, எஞ்சினை ஓடவிட்டு அடிங்க. தனியா ஒரு நல்ல கேஜ். கம்ப்ரஸர்ல ஒட்டிக்கிட்டு வர்ற கேஜை நம்பாதீங்க.

கரிசல்மண்:

ஒரு சின்னக் குறிப்பு. மேல சொன்ன காத்துக் கணக்கு செம்மண்ணுக்கும் கல்லுக்கும் பொருந்தும். உடுமலை, கோவில்பட்டிப் பக்கம் கரிசல்ல இதை நம்பி எறங்கிடாதீங்க. கரிசல் நனைஞ்சா பட்டன் இடைவெளியை முழுசா அடைச்சிக்கும், ஏ.டி. ரெண்டே சுத்துல மொட்டை டயர் ஆயிடும். எம்.டி.யே வேகமாச் சுத்தினாத்தான் உதறும். அங்க அகல டயர் கெடுதல், ஒடுக்கமானது சேத்தைக் கிழிச்சுக் கீழ உள்ள கெட்டித் தரையைத் தேடிப் பிடிக்கும். டிராக்டர் முன் சக்கரம் ஏன் அப்படி இருக்குன்னு பாருங்க. ரெண்டு நாள் வெயில் அடிக்கட்டும், அப்புறம் போங்க.

தென்னந்தோப்பு:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். கம்பெனி சைஸ்லயே சாதாரண ஏ.டி. அஞ்சு, ஒரு கம்ப்ரஸர், கட்டைங்களை நானே ஆள் வச்சு ஒதுக்கிடறேன். கடையில என்னென்ன பாத்து வாங்கணும்? போட்டப்புறம் எப்ப மறுபடி மாத்தணும்?

முள்ளுக்காடு:

கட்டையை ஒதுக்கறீங்கன்னா எனக்கும் சாதாரண ஏ.டி. சம்மதம்ங்க.

பக்கச் சுவர்ல முட்டை வடிவக் கட்டத்துக்குள்ள நாலு இலக்கம் இருக்கும். 1025ன்னா 2025ஆம் வருஷம் 10ஆவது வாரம் செஞ்சது. ஒரு வருஷத்துக்கு மேல பழசுன்னா வேண்டாம். அஞ்சு டயர்லயும் தனித்தனியாப் பாருங்க, கலந்து குடுப்பாங்க. சில டயர்ல ஒரு பக்கம் மட்டும் இந்த எண் இருக்கும், அந்தப் பக்கத்தை உள்பக்கமா மாட்டிட்டா அப்புறம் வண்டிக்கு அடியில படுத்துத்தான் படிக்கணும், அதனால மாட்டறதுக்கு முன்னாடியே பாத்துடுங்க. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கணும். 2020 ஜூன்லேர்ந்து வெளிநாட்டு டயர் எறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருக்கறதால சில மாடல் வரத்து சீரா இல்ல, குடோன்ல கிடந்த பழைய சரக்குதான் 'ஆஃபர்'ல வரும்.

மாட்டும்போது வால்வும் புதுசா போடச் சொல்லுங்க. டயர் பிரஷர் சென்சார் வச்சிருந்தா அதை முன்கூட்டிச் சொல்லிடுங்க, நெம்புகம்பி வச்சு உடைச்சிடுவாங்க. பேலன்ஸிங்ல ஒரு சக்கரத்துக்கு 100 கிராமுக்கு மேல ஈயம் கேட்டா அப்படியே ஒட்ட விடாதீங்க, டயரை ரிம்ல அரைச் சுத்து திருப்பி மாட்டி மறுபடி பாக்கச் சொல்லுங்க, பெரும்பாலும் பாதியாக் குறையும். நட்டை ஏர் கன்னால கடைசி வரைக்கும் முறுக்கவிடாம டார்க் ரெஞ்ச்சால முடிக்கச் சொல்லுங்க, அளவு வண்டி மேனுவல்ல இருக்கு. 100 கிலோமீட்டர் ஓட்டிட்டு மறுபடி ஒருதரம் இறுக்கிப் பாருங்க. அலைன்மென்ட்டும் அதே நாள்ல.

மாத்தற கணக்கு: சட்டப்படி 1.6 மி.மீ. வரைக்கும் ஓட்டலாம், பள்ளத்துக்குள்ள இருக்கிற சின்ன மேட்டோட பட்டன் சமமானா அந்த அளவு வந்திருச்சு. ஆனா ஏ.டி. 5 மி.மீ.க்கு வந்தாலே செம்மண் ஏத்தத்துல அதோட வேலை முடிஞ்சது, வெட்டுக்கோடும் பாதி தேஞ்சு போயிருக்கும். மே மாசம் அளந்து பாருங்க. 5க்குக் கீழ இருந்தா அந்த மழைக்கு எஸ்டேட் ஏத்தாதீங்க. 6 வருஷம் ஆனதைப் பட்டன் இருந்தாலும் வருஷா வருஷம் கழட்டிக் காட்டணும். ஸ்டெப்னிக்கும் சேத்துத்தான்.

இன்னொண்ணு. புது டயர் மேல அச்சுலேர்ந்து கழட்டறதுக்காகத் தடவின வழவழப்பு இருக்கும். முதல் 300 கிலோமீட்டருக்கு ஈரத்துல பிடிக்காது. உங்க ஓட்டத்துக்கு அது நாலு நாள், அதனால திங்கக்கிழமை மாட்டுங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாட்டிட்டு சனிக்கிழமை மழையில ஆழியார் ஏறாதீங்க.